பழக்குழியின் விளிம்பில்

ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கூப்பிட்டார். "எஸ்தரக்கா, நீங்க வேலை பார்த்த காலத்துல கத்துக்கிட்டதை எங்களுக்கு எழுதித் தரணும்" என்றார். பழக்கழிவில் எவ்வளவு தண்ணீர் கலப்பது, டாங்கை எந்தச் சூட்டில் வைப்பது, வரும் வாயுவைச் சுத்தம் செய்து வண்டிக்கு எப்படி நிரப்புவது எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை எழுதியதில் எனக்கும் பங்குண்டு. அந்தக் கையேட்டில் பழக்குழியைப் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் வரும். "யாரும் இறங்கக் கூடாது" என்று தொடங்கும் பக்கம். அது எப்படி எழுதப்பட்டது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் இடுக்கி மலையில் சக்குபள்ளத்தில், ஏலக்காய் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மலையிறங்கி, கம்பத்தில் தங்கி வேதியியல் படித்தேன். கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கம் வந்தபோது, எலப்புள்ளிக்குக் கிழக்கே இந்த ஆலை தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். மாம்பழக் கூழ் எடுக்கும் கம்பெனிகள் தூக்கி எறியும் தோல், கொட்டை, அழுகல், சந்தையில் மிஞ்சிய வாழை, அன்னாசி எல்லாம் இங்கே வரும். அதிலிருந்து வாயு எடுத்து ஆட்டோக்களும் பஸ்களும் ஓடும். நேர்முகத்தில் இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. ஆனால் முதல்முறை எங்கள் வாயுவில் ஒரு பஸ் கிளம்பிப் போனதைப் பார்த்தபோது, வாசலில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. அந்த வேலை நல்ல வேலை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நல்ல வேலை செய்கிறோம் என்ற நினைப்பே ஆளைக் கொஞ்சம் அசட்டையாக்கிவிடும். அதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஆய்வகப் பொறுப்பு. டாங்குக்கு எவ்வளவு பழம் ஊட்டலாம், எப்போது நிறுத்தலாம் என்று சொல்வது என் வேலை. நான் சொன்ன பிறகுதான், லாரிப் பழத்தைக் கொட்டி வைக்கும் பழக்குழியில் இருக்கும் பம்பை ஓட்டுவார்கள்.

அந்த வருஷம் மாம்பழம் கொட்டியது. கூழ்க் கம்பெனிகளிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று லாரி வந்த இடத்தில் ஏழு, எட்டு வந்தன. மேனேஜருக்குச் சந்தோஷம். "எஸ்தர், இந்த சீசன் விட்டா போச்சு. வர்றது எல்லாம் உள்ள எடுக்கணும்" என்றார். நானும் சரியென்றேன்.

டாங்குக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இனிப்பை ஒரேயடியாக அள்ளிப்போட்டால் டாங்கு புளித்துவிடும். புளித்தால் வாயு நின்றுபோகும். பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கும் விஷயம். ஒரு திங்கட்கிழமை பரிசோதித்தபோது புளிப்பு ஏறியிருந்தது. கண்ணாடிக் குழாயைக் கழுவியது சரியில்லையோ என்று மறுபடி பார்த்தேன். அதே எண். மூன்றாவது முறை, மாதிரி எடுக்கும் குழாயை மாற்றி, மேல்தட்டில் இருந்த குழாயில் எடுத்துப் பார்த்தேன். எண் கொஞ்சம் இறங்கி வந்தது. அதை எழுதிக்கொண்டேன்.

இதை ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பொய் எழுதவில்லை. மூன்று எண்களில் எனக்குப் பிடித்ததை எழுதினேன். வெளியே லாரிகள் வரிசையில் நின்றன, மேனேஜர் கதவருகே நின்றுகொண்டு "ஓகேயா, ஓகேயா" என்று கேட்டுக்கொண்டிருந்தார், என் வாய் "ஓகே" என்றது. மூன்று நாளில் டாங்கு படுத்துவிட்டது. வாயு பாதியாகக் குறைந்தது. வந்த வாயுவும் எரியவில்லை. நிரப்ப வந்த ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அந்த நேரத்தில் எங்களுக்குச் சாணம் கொண்டுவரும் ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் மீனாட்சிபுரத்துப் பக்கம் பால்மாடு வைத்திருந்தவர். டிராக்டரை நிறுத்திவிட்டு, ஆய்வகத்து ஜன்னலில் என்னைப் பார்த்து, "ஏனுங்க, டாங்குக்கு ஒடம்புக்கு முடியலைங்களாமே?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் நடந்ததைச் சொன்னேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "தோப்புக்குள்ள மாடு பூந்து மாம்பழத்தை ஒரேமுட்டாத் தின்னுபோட்டா வயிறு உப்பிக்குமுங்க. அப்ப மருந்தா தேடுவோம்? மொதல்ல வாயைக் கட்டிப்போடுவோம். பட்டினி போட்டாத்தானுங்க பொழைக்கும்."

நான் டாங்கில் சுண்ணாம்பு போடலாமா, சோடா உப்பு போடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஊட்டுவதை நிறுத்தவேண்டும் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராமலிருந்தது. அவர் சொன்ன பிறகு மேனேஜரிடம் போனேன். "சார், பத்து நாளைக்கு ஒரு சொட்டுப் பழம்கூட டாங்குக்குப் போகக் கூடாது" என்றேன்.

"பத்து நாளா? லாரியைத் திருப்பி அனுப்பினா கம்பெனிக்காரன் அடுத்த வருஷம் நம்ம வாசலுக்கே வரமாட்டான்."

"டாங்கு செத்துப்போச்சுன்னா அடுத்த வருஷம் நமக்கு வாசலே இருக்காது சார்."

அவர் ஜன்னல் வழியாக லாரி வரிசையைப் பார்த்தார். பிறகு, "சரி. டாங்கை நீ பட்டினி போடு. வர்ற பழத்தைக் குழியில கொட்டி வைப்போம். நிறைஞ்சா அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. குழியைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது என் மனதில் வரவே இல்லை. ஒரு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நான் அப்படித்தான் இருந்தேன்.

பழக்குழி அப்போது திறந்த குழி. ஆழமாக வெட்டி, சிமென்ட் பூசி, ஓரத்தில் ஓர் இரும்பு ஏணி வைத்திருந்தார்கள். அடியில் பம்பு. அந்தப் பம்பை ஓட்டியவர் முருகேசன். நாற்பது வயதிருக்கும், மீனாட்சிபுரத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். மாங்கொட்டையோ சாக்கு நூலோ பம்பின் வாயில் அடைத்துக்கொண்டால், ஏணியில் இறங்கி, கையால் பிடுங்கி எறிந்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் மேலே வந்துவிடுவார். ஒவ்வொரு சீசனிலும் பலமுறை இறங்கியிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் மனைவி சரோஜா எங்கள் ஆலையிலேயே பழம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்தாள். பிளாஸ்டிக், வலைப்பை எல்லாம் பொறுக்கித் தள்ளும் வேலை. இருவரும் ஒரே சைக்கிளில் வந்து, மத்தியானம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள்.

மற்ற வருஷங்களில் பழம் குழியில் ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை. அந்த முறை பத்து நாள் தங்கியது. மேலே வெயில், அடியில் கூழ். நாலாம் நாளிலிருந்தே அந்தப் பக்கம் போனால் கள்ளுக்கடை வாசலில் நிற்பதுபோல் மணம் வந்தது. கள் இறக்கும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஆட்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "அக்கா, ஒரு சொம்பு மொண்டு குடிச்சுப் பார்க்கலாமுங்களா?" என்று லோடர் ஓட்டும் கனகராஜ் கேட்டான். நானும் சிரித்தேன்.

வேதியியல் படித்தவள் நான். கள் நுரைக்கிற இடத்தில் கரியமில வாயு வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அது காற்றைவிடக் கனமானது, குழியில் தண்ணீர் மாதிரித் தங்கி நிற்கும் என்பதும் தெரியும். நாற்றமடிக்கும் வாயுவைக் கண்டால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவோம். கரியமில வாயுவுக்கு மணமே கிடையாது. குழியில் அடித்ததெல்லாம் நல்ல மணம்தான். அதனால்தான் யாருக்கும் பயம் வரவில்லை.

பத்தாம் நாள் காலையில் டாங்கின் புளிப்பு இறங்கியிருந்தது. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் நல்ல எண். சாணக் கரைசல் ஊற்றி ஊற்றி அதைப் பிழைக்க வைத்துவிட்டோம். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஆய்வகத்துக் கதவைத் திறந்து, "முருகேசா, பம்பைப் போடலாம். மெதுவா, கால் மணி நேரம் மட்டும்" என்று கத்தினேன்.

"சரிங்க்கா" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

பம்பு ஓடும் சத்தம் கேட்டது. ஆனால் ஓட்டம் சரியில்லை, வெறுமனே உறுமியது. அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. பம்பு நின்றது. அவர் வழக்கம்போல் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து, நோட்டில் அன்றைய எண்ணை எழுதப் போய்விட்டேன்.

கனகராஜின் அலறல் கேட்டுத்தான் ஓடினேன்.

குழிக்குள் பாதி உயரத்துக்குக் கூழ் இருந்தது. முருகேசன் கூழின் மட்டத்தில் ஏணியோடு சாய்ந்து கிடந்தார். இடுப்பு வரை கூழில். ஒரு கை ஏணிப் படியில் கோத்துக்கொண்டிருந்தது, அதனால்தான் தலை முங்கவில்லை. கனகராஜ் ஏணியில் இரண்டு படி இறங்கியிருந்தான்.

"கனகராஜ், ஏறு! மேல ஏறு!"

"அக்கா, ஆள் கிடக்கறாருங்க!"

"ஏறுடா!"

அவன் ஏறவில்லை. இடுப்பிலிருந்து துண்டை உருவி, "மூக்கைக் கட்டிக்கிட்டு எறங்கறனுங்க. ஒரு நிமிசம்தானுங்க" என்றான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "துண்டு கட்டினா காத்து வராதுடா. அங்க காத்தே இல்லை. நீ போனா நீயும் விழுவ. உலர்த்துற கொட்டகையில பெரிய புளோயர் இருக்கு. அதோட குழாயைக் கொண்டா. ஓடு!" அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஓடினான். இன்னொருவரிடம் தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னேன். வலைப்பை இழுக்கும் நீளக் கொக்கியை எடுத்துவரச் சொன்னேன்.

அப்போதுதான் சரோஜா வந்தாள்.

அவள் கத்தவில்லை. நேராகக் குழியைப் பார்த்து ஓடி வந்தாள். அவள் கால் விளிம்பைத் தொடுவதற்குள் நான் அவளை இடுப்போடு கட்டிப்பிடித்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். அவள் என்னைவிடப் பலசாலி. உருண்டு எழுந்தாள். மறுபடி பிடித்து, கீழே தள்ளி, அவள் மேல் ஏறி உட்கார்ந்தேன். அவள் என் கையைக் கடித்தாள். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"உடுங்க! உசுரு இருக்குதுங்க! கை அசையுதுங்க, பாருங்க, கை அசையுது!"

தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

"உடுங்க்கா, உங்க காலைப் புடிக்கறேன், என்ற ஊட்டுக்காரருங்க!"

"விடமாட்டேன் தாயி" என்று மட்டும் சொன்னேன்.

கனகராஜும் இன்னும் இருவரும் புளோயர் குழாயை இழுத்து வந்து குழிக்குள் விட்டார்கள். காற்று அடித்தது. கொக்கியை முருகேசனின் பெல்ட்டில் மாட்டப் பார்த்தார்கள். நழுவியது. மறுபடி மாட்டினார்கள். எவ்வளவு நேரமானது என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. சரோஜாவின் மூச்சுக்காற்று என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது, அதுமட்டும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் கொக்கி பிடித்தது. நாலு பேர் சேர்ந்து அவரை மேலே இழுத்தார்கள். நான் அவளை விட்டுவிட்டு, தெரிந்த முதலுதவியை எல்லாம் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மீனாட்சிபுரத்தில் எடுத்தார்கள். நான் போனேன். வாசலில் இருந்த அவர்களுடைய உறவுக்காரர் ஒருவர், "எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பந்தலுக்கு வெளியே, வேலியோரமாக நின்றேன். சரோஜா ஒருமுறை நிமிர்ந்தாள். நான் அங்கே இருப்பது தெரிந்தும் பார்வையை என் மேல் வைக்கவில்லை. அவள் மடியில் எட்டு வயதுப் பையன் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இனிச் சொல்லப்போவது நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டியது. குழியருகே நான் செய்தது அந்த நிமிஷம் செய்ய வைத்தது. யோசிக்க நேரம் இருந்த இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் பெரிய சோதனை.

போலீஸ் வந்து எல்லோரிடமும் மொழி எடுத்தது. வாக்குமூலத்துக்கு இங்கே ‘மொழி’ என்பார்கள், உங்களுக்குத் தெரியும். என் முறை வருவதற்கு முன்னால் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் தூங்கியிருக்கவில்லை, கண் சிவந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை.

"எஸ்தர், குழியில இறங்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம் இல்லையா? அனுமதி இல்லாம இறங்கினாரு. அது உண்மைதானே?"

"போர்டு இருக்கு சார்."

"அப்போ அதைச் சொன்னா போதும். வேற ஒண்ணும் கூட்ட வேண்டாம். ஆலை மூடினா நூறு குடும்பம் தெருவுல நிக்கும். அதையும் யோசிக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. போர்டு இருந்தது. அனுமதி கேட்கவில்லை. நூறு குடும்பம் இருந்தது. நான் வெளியே வந்து, அந்தப் போர்டைப் போய்ப் பார்த்தேன். மலையாளத்தில் மட்டும் எழுதியிருந்தது. முருகேசன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பஸ் போர்டைக்கூட மற்றவரிடம் கேட்டுத்தான் ஏறுவார். அவர் தினம் அந்தப் போர்டின் அடியில்தான் சட்டையைக் கழற்றித் தொங்கவிடுவார்.

‘ஆமாம், போர்டு இருந்தது’ என்று நான் சொல்லியிருந்தால், இறந்தவர் செய்த தவறாக அது முடிந்திருக்கும். குழி அப்படியே இருந்திருக்கும். ஏணி அப்படியே இருந்திருக்கும். அடுத்த சீசனில் வேறொருவர் இறங்கியிருப்பார்.

நான் என் மொழியில் சொன்னது இவ்வளவுதான்: அவர் எனக்குத் தெரிந்தே பலமுறை இறங்கியிருக்கிறார், நான் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. போர்டு அவருக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. பழம் பத்து நாள் குழியில் தேங்கியதற்கு என் முடிவுதான் காரணம். பம்பைப் போடச் சொன்னது நான். குழியில் காற்றை அளக்காமல் சொன்னேன். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் இடையில் பேனாவை நிறுத்தி, "மேடம், இதெல்லாம் நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்டார். பிறகு, "இறங்கின ஆளுக்கு உயிர் இருந்ததைப் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன். கை அசைஞ்சுது" என்றேன். கீழே ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டேன்.

சில மாதம் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஆலை கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. வீட்டில் என் கணவர், "நீ இல்லாததைச் சொல்லலை, விடு" என்றார். ஆனால் அவரும் எத்தனை நாள்தான் சொல்வார்? நான் சர்ச்சில் முழங்கால் போட்டால் ஜெபம் வராது, அந்த ஏணிதான் வரும். பிறகு மேலிருந்து வந்து பார்த்தவர்கள், என் மொழியில் இருந்ததை வைத்து, குழிக்கு மூடி போட்டு மாற்றச் சொன்னார்கள். இன்று நீங்கள் பார்க்கும் குழி அதுதான். சங்கிலியால் மேலே தூக்கிச் சுத்தம் செய்யும் பம்பு, இரண்டு மொழியில் போர்டு, காற்று அளக்கும் கருவி, விளிம்பில் எப்போதும் ஓர் ஆள். ஏணியை அறுத்து எடுத்துவிட்டார்கள். என்னையும் திரும்பக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார்.

நான் திரும்பி வந்த அன்று, குழியின் விளிம்பில் நிற்கும் ஆளாகச் சரோஜாவைப் பார்த்தேன். அவளே கேட்டு வாங்கிய வேலை என்று கனகராஜ் சொன்னான். மேலதிகாரி, "வேறெங்காவது போடறோம், இங்கயே ஏம்மா?" என்று கேட்டாராம். "இங்கதானுங்க நிக்கோணும்" என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு நாங்கள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை. குழியில் காற்று எவ்வளவு என்று நான் கேட்பேன், அவள் எண்ணைச் சொல்வாள். நல்ல எண்ணாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் ஒரே குரல்தான். அவள் சொன்ன எண்ணை நான் ஒருநாளும் திரும்பப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவை வரவில்லை.

மூன்றாவது வருஷம் மறுபடி மாம்பழம் கொட்டியது. ஒரு நாள் மத்தியானம் புளிப்பு லேசாக ஏறியது. ஊட்டுவதைக் குறைக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சரோஜா கேட்டின் குறுக்கே நின்றுகொண்டு மூன்று லாரிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். டிரைவர்கள் கத்தினார்கள். புது மேனேஜர் இளைஞர், வேகமாக வந்தார்.

"யார் சொல்லி லாரியை நிறுத்தினீங்க?"

சரோஜா அவரைப் பார்த்தாள். "குழியில நேத்துப் பழமே கெடக்குதுங்க. டாங்குக்குப் போகலை. இதுக்கு மேல தட்டினா தேங்கிக்குமுங்க."

"அதைத் தீர்மானிக்க நீங்க யாரு?"

"நான் சொல்லித்தான் சார்" என்றேன்.

நான் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எழுத்தில தாங்க" என்று சொல்லிப் போனார். அப்போதே எழுதிக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே, குழிப் பொறுப்பாளர் என்று அவள் பெயரையும் எழுதி, அவளிடமும் ஒப்பு வாங்கிக்கொண்டேன். இனி லாரியை நிறுத்தும் அதிகாரம் குழியருகே நிற்பவருக்கு உண்டு என்று அந்தத் தாளில்தான் முதலில் எழுதினோம். அது இன்றும் உங்கள் கையேட்டில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் ஆய்வகத்துக்குள் வந்தாள். அதுவரை அவள் அங்கே நுழைந்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு."

"அன்னிக்கு அவரு கை அசைஞ்சுதுங்களா?"

போலீஸில் நான் கொடுத்த மொழி மலையாளத்தில் எழுதியது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இல்லை, உனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்லலாம். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கும் இருக்கும்.

"அசைஞ்சுது" என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ஊட்டுல எல்லாரும் இல்லீன்னுதான் சொல்றாங்க. எங்கம்மா, எங்கண்ணன், டாக்டரு எல்லாரும். உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னாங்க. மூணு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தனுங்க."

"நீ பார்த்தது நிஜம்தான் சரோஜா."

"நீங்களும் பாத்தீங்க."

"பார்த்தேன்."

"பாத்துட்டும் உடலை."

"விடலை."

வெளியே வாயு நிரப்பும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. நான் சொல்லக்கூடிய எல்லாமே எனக்குச் சாதகமான சொற்கள், அவற்றை அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. உன்னையும் சேர்த்து இரண்டு பிணம் எடுத்திருப்பார்கள் என்று சொல்லலாம். உன் பையனை யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்கலாம். அதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு ஏழு லாரி வருதுன்னு போன்ல சொன்னாங்க. ரெண்டு போதுமுங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு போதும்."

"சரிங்க. இப்பவே சொல்லிப்போடறேன்."

வாசலுக்குப் போய், காவலாளியின் அறையில் இருந்த போனை எடுத்து அவள் பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற நாள்வரை கேட்கவும் இல்லை. நீங்கள் குழிப் பக்கம் போனால் அவளைப் பார்ப்பீர்கள், இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். அவள் "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள்.

அவள் போன் செய்த மறுநாள் காலையில் இரண்டு லாரிதான் உள்ளே வந்தது.